சித்தூர் வயல்களில் காணாமல் போகும் மூட்டைகள்

பாலக்காடு சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்து விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. ரெண்டாம் பயிர் தொடங்கும்போது எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "சார், புது விதை ஏதாவது வந்திருக்கா?" விதை இருக்கட்டும். கையில் இருக்கும் உமா நெல்லே நன்றாகப் பார்த்தால் எக்டேருக்கு 6 டன் தரும் ரகம், ஏக்கருக்கு 24 குவிண்டால். பதினைந்து, பதினாறு எடுத்துவிட்டு விதையைக் குறை சொன்னால் எப்படி?

தண்ணீர், உரம், பூச்சி எதிலும் குறை வராமல் இருந்தால் நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு ரகம் எவ்வளவு விளையுமோ, அதுதான் அதன் முழுத் திறன். அதை அப்படியே எட்டப் பார்த்தால் செலவு கட்டாது. ஏறக்குறைய 80 சதவீதம் வரை போகலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதற்குக் கீழே விடுவதெல்லாம் நம் வயலிலேயே போகிறது.

எங்கே போகிறது? முதலில் குத்துகளை, அதாவது ஒரே இடத்தில் சேர்த்து நடும் நாற்றுகளை, எண்ணுங்கள். 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து இருக்க வேண்டும். மீட்டர் நீளத்தில் நாலு குச்சியைச் சதுரமாக வைத்து நான் எண்ணும்போது 30-ஐத் தாண்டாத வயல்கள் நிறைய. நடுகிறவர்களைத் திட்டிப் பயனில்லை, ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் யாராக இருந்தாலும் அகலமாகத்தான் நட்டுக்கொண்டு போவார்கள். நடவு நடக்கும்போதே வரப்பில் நின்று எண்ணுங்கள், அடுத்த நாள் எண்ணி என்ன செய்ய?

அப்புறம் நாற்றின் வயசு. பயிரின் ஆயுளில் மாசத்துக்கு ஒரு வாரம் நாற்றங்காலில் என்பது பழைய கணக்கு, நாலு மாத உமாவுக்கு நாலு வாரத்துக்குள் நடவு முடியணும். ஆளியாறு தண்ணீர் மணக்கடவு தடுப்பணையைத் தாண்டி எப்போது வரும் என்று தெரியாமலே நாற்று விட்டுவிட்டு, அது முற்றிய பிறகு நடுகிறோம். தூர் (பக்கக் கிளை) வெடிக்கிற நாட்கள் நாற்றங்காலிலேயே கழிந்துவிடுகின்றன, பிறகு எத்தனை யூரியா போட்டாலும் அந்தத் தூர் திரும்பாது. ஒரேயடியாக விடாமல் வாரம் விட்டு வாரம் ரெண்டு தவணையாக நாற்று விடலாம். முற்றிப்போனதை நட்டே ஆகணும் என்றால் 15-க்கு 10 என்று நெருக்குங்கள், குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று கூட வையுங்கள்.

இன்னொன்று நம்ம பக்கத்துக்கே உரியது. கேரளாவில் பெரும்பாலும் புளிப்பு மண், அதனால் எங்கும் "சுண்ணாம்பு போடு" என்பார்கள். சித்தூரின் கிழக்கே இருக்கும் கரிசலில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம், துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் மண்ணிலேயே முடங்கும். நட்ட மூன்றாம் வாரம் வாக்கில் இலையில் துருப் புள்ளி, பயிர் குட்டை. நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறோம். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவினால் போதும், டிஏபி உரத்தோடு மட்டும் கலக்காதீர்கள். மண்ணைக் கிருஷி பவனில் (அரசு வேளாண் அலுவலகத்தில்) பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். மண் அட்டையில் பிஎச் (புளிப்பு, உவர் அளவு) 7.5-க்கு மேல் என்று வந்தால், மானியத்தில் கொடுத்தாலும் சுண்ணாம்பு மூட்டையை வீட்டுக்கு எடுத்து வர வேண்டாம்.