சாம்பல் கிளிக்கு விதை மட்டும் போதாது

வலிப்பில் இறக்கைகள் வெட்டி இழுக்க, கால்விரல்களை இறுக மடக்கிக்கொண்ட ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இந்த வாரமும் என் மேசைக்கு வந்தது. "நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தது, டாக்டர்" என்றார் வளர்ப்பவர். உணவு என்னவென்று கேட்டேன்; எதிர்பார்த்தபடியே சூரியகாந்தி விதை என்றார். ரத்தத்தில் கால்சியம் மிகவும் தாழ்ந்திருந்தது. ஊசி வழியாகக் கால்சியம் செலுத்தியதும் வலிப்பு அடங்கியது. எல்லாக் கிளிகளுக்கும் இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை.

"அது ஆசையாகத் தின்பது விதையைத்தானே?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஆசை வேறு, தேவை வேறு. சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி, பாஸ்பரஸ் மிகுதி, கால்சியமோ சொற்பம், வைட்டமின் ஏ ஏறக்குறைய இல்லை. காட்டில் எண்ணெய்ப்பனைப் பழம் உட்படப் பலவற்றையும் தின்று நெடுந்தூரம் பறக்கும் பறவையைக் கூண்டில் உட்காரவைத்து இந்த ஒன்றையே ஊட்டுகிறோம். கலவை விதை கொடுப்பதாகச் சொல்பவர்கள் கிண்ணத்தைக் கவனியுங்கள்: கிளி தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்றிருக்கும், மேலே கிடக்கும் வெற்றுத் தோல் உங்களுக்கு விதையாகத் தெரியும். மற்றக் கிளி இனங்களைவிடச் சாம்பல் கிளியே இந்தக் கால்சியக் குறைவுக்கு அதிகம் ஆளாகிறது என்பதைப் பறவை மருத்துவர்கள் அனைவரும் அறிவோம்.

கண்ணாடிச் சன்னலருகே கூண்டை வைத்தால் வெயில் கிடைத்துவிடுவதாக எண்ணாதீர்கள். கால்சியத்தை உடல் ஏற்க உதவும் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நேரடி இளவெயிலும், ஒதுங்க நிழலும் வேண்டும். அதற்காக வைட்டமின் சொட்டு மருந்தை நீங்களாக ஊற்றவும் வேண்டாம்; டி மிகுந்தால் சிறுநீரகம் கெடும்.

பறவைகளுக்கான பெல்லட் எனும் சத்துக் குருணை உணவுக்கும் கீரை, கேரட்டுக்கும் சில வாரங்களில், படிப்படியாக மாற்றுங்கள். பட்டினி போட்டுப் பழக்கவே கூடாது. தினமும் காலையில் கிராம் தராசில் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் வாருங்கள். அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு. இறகைப் பிடுங்கிக்கொள்ளும் கிளிக்குக் களிம்பு பூசுவதை, தயவுசெய்து, இன்றோடு நிறுத்துங்கள். உணவு, உடல்நோய், தனிமை ஆகிய மூன்றையும் நாங்கள் ஆராய வேண்டும்.

வலிப்பு வந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இருக்கைக் கட்டைகளை எடுத்துவிட்டு, அடியில் துண்டு விரித்து, வெளிச்சத்தைக் குறைத்து, அந்த நிலையிலேயே உடனே புறப்படுங்கள்.