ஆற்றுண்டை

வண்ணமீன் வளர்ப்பவர்கள் 'பீ பஃபர்' என்று சொல்லும் மீனின் பெயரைத் தமிழில் எழுதும்போதுதான் சங்கடம் தெரியும். ஆங்கிலத்தில் 'பீ' என்றால் பட்டாணி. நம் வீடுகளில் அந்த எழுத்துக்குப் பொருள் வேறு. இதற்காகவாவது நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று வேண்டும்.

பட்டாணி என்றதில் தவறில்லை. முழுதாக வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பில் கரும்புள்ளிகள். சொந்த ஊர் கேரளம்: பம்பை, சாலக்குடி போன்ற ஆறுகள், வேம்பநாட்டுக் காயல்.

அறிவியல் பெயர் கரினோடெட்ராடோன் திராவன்கோரிகஸ். வாயில் நுழையாவிட்டாலும் பிரித்துப் பார்த்தால் எளிது. 'கரினா' லத்தீன் சொல், படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா. இந்தப் பேரினத்து ஆண் மீன்கள் முறைத்துக்கொள்ளும்போது முதுகுத் தோலும் வயிற்றுத் தோலும் ஏரா மாதிரி புடைத்து நிற்கும். 'டெட்ரா', 'ஓடோன்' இரண்டும் கிரேக்கம்: நான்கு, பல். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று பற்கள் தகடுகளாக இணைந்து கிளிமூக்கு போல இருக்கும். தொட்டியில் பெருகித் தொல்லை தரும் நத்தைகளை இது ஒருகை பார்ப்பது அந்தப் பல்லால்தான். (கூட இருக்கும் மீன்களின் துடுப்பையும் விட்டுவைக்காது, அது வேறு கதை.) கடைசிச் சொல் திருவிதாங்கூர். 1941-இல் மீன் ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் இம்மீனை முதலில் விவரித்தபோது அது தனி சமஸ்தானம்.

சரி, 'பஃபர்'? உப்பிப் பெருப்பது என்று பொருள். ஆபத்து வந்தால் தண்ணீரை விழுங்கிப் பந்தாகும் மீன். இதற்காக 'ஊதுமீன்' என்றெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டாம். நம் கடற்கரையில் 'பேத்தை' என்ற சொல் முன்பே இருக்கிறது. குடும்பம் முழுவதற்கும் அது போதும். ஆனால் பேத்தை என்றதும் கடலும் நஞ்சும்தான் நினைவுக்கு வரும். கடல் உறவினர்களை நினைத்து இந்த ஆற்று மீனின் தொட்டியில் உப்புப் போட்டவர்கள் உண்டு. அது தேவையே இல்லை, இது நன்னீரில் பிறந்து நன்னீரில் வாழ்வது. அதனால் 'நன்னீர்ப் பேத்தை' பொதுப்பெயராக இருக்கட்டும்.

இந்த இனத்துக்கு மலையாளத்தில் அழகான பெயர் உண்டு: 'ஆற்றுண்ட'. மலையாளத்து 'மல' நமக்கு மலை, 'தவள' தவளை. அதே கணக்கில் 'உண்ட' உண்டை. ஆறு, உண்டை சேர்ந்து ஆற்றுண்டை. எள்ளுண்டை தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மொழிபெயர்க்கக்கூட இல்லை, கடைசி எழுத்தில் ஒரு ஐகாரம் சேர்த்தோம், அவ்வளவுதான்.

விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பங்கு இன்னும் ஆற்றில் பிடித்தவைதான். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இது இடம்பெற்றிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வாங்குமுன் தொட்டியில் பிறந்து வளர்ந்ததா என்று கேளுங்கள். 'ஆற்றுண்டை இருக்கா?' என்றால் இப்போதைக்குக் கடைக்காரருக்குப் புரியாது. 'அந்தக் குட்டி பஃபர்' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.