இடைவெட்டு காலியாக இருக்கக்கூடாது

கணினியியல் இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகள் மேசையில் சேரும் காலத்தில் எனக்கு ஓ.எல். கணிதப் புத்தகம் ஞாபகம் வரும். தொடைகள் என்ற பாடம். இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தைச் சாய்கோடு போட்டு நிரப்பி, இடைவெட்டு என்று எழுதுவோம். ஒரு பக்கம் சூனியத் தொடையாக, அதாவது உள்ளே ஒன்றுமே இல்லாததாக, இருந்தால் இடைவெட்டும் சூனியம்தான்.

இப்போது வரும் தலைப்புகளில் பாதிக்கு மேல் இடைவெட்டுகள்தான். ஏஐயும் தேயிலையும், ஏஐயும் மண்சரிவும், ஏஐயும் டெங்குவும். மலையகப் பிள்ளைகள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பிரச்சினையை ஆய்வுக்கு எடுப்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் பல முன்மொழிவுகளில் இரண்டு வட்டமும் காலி. தேயிலை பற்றி இணையத்தில் பொறுக்கிய இரண்டு பந்தி, ஏஐ பற்றி யூடியூப்பில் பார்த்த இரண்டு மணித்தியாலம். சாய்கோடு மட்டும் அழகாகப் போட்டிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஹட்டன் பக்கத்து மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தேயிலையின் கொப்புள நோயைப் போன் கமராவால் கண்டுபிடிப்பது அவருடைய திட்டம். மூன்று மாதத்தில் முடித்துவிட்டு, "சேர், தொண்ணூற்றெட்டு வீதம் சரியாகச் சொல்லுது" என்றார். இவ்வளவு நல்ல பெறுபேறு வந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம். படங்களை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். இலையைப் பறித்து, வெள்ளைத் தாளில் வைத்து, ஒரே இலையை எட்டுப் பத்துக் கோணத்தில் எடுத்திருக்கிறார். பிறகு எல்லாப் படத்தையும் கலக்கி, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் பிரித்திருக்கிறார். அதாவது பயிற்சியில் பார்த்த அதே இலை, கொஞ்சம் திரும்பிப் படுத்தபடி சோதனையிலும் வந்திருக்கிறது. வினாத்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த சறுக்கல் அல்ல. பயிர்நோய்ப் படங்களுக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் பிளான்ட்வில்லேஜ் தொகுப்பில் 54,306 படங்கள் இருக்கின்றன. 14 பயிர், 26 நோய். 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில் அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களை, பயிற்சி பெற்ற கணினி மாதிரி (மொடல்) 99.35 வீதம் சரியாக இனங்கண்டது. அதே ஆசிரியர்கள் வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது அது 31 வீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. அதை மறைக்காமல் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நம் மாணவர்கள் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் முதல் எண்ணை மட்டும். 2022இல் இன்னொருவர் ஒரு குறும்பு செய்தார். இலையைத் தொடாமல், படத்தின் பின்னணியிலிருந்து எட்டே எட்டுப் புள்ளிகளை மட்டும் எடுத்து ஒரு மாதிரியைப் பழக்கினார். 49 வீதம் சரி! நோயே தெரியாத எட்டுப் புள்ளிகள் பாதிக்குப் பாதி நோயைச் சொல்கின்றன என்றால், பெரிய மாதிரிகள் கற்றதிலும் எவ்வளவு இலை, எவ்வளவு தாள் என்று கேட்கத்தான் வேண்டும்.

கணினியியலில் நான் ஆழம் என்று சொல்வது இந்தக் கேள்வியைத்தான். வலையமைப்பில் எத்தனை அடுக்கு போட்டீர்கள் என்பதில்லை. கிடைத்த எண் எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்ப்பது.

சரி, அது ஒரு வட்டம். மற்ற வட்டம் இதைவிடச் சுவாரசியம்.

ஒரு சனிக்கிழமை அவருடைய தோட்டத்துக்கே போனோம். கவ்வாத்து வெட்டித் தளிர்த்துக்கொண்டிருந்த மலை. மிஸ்ட் இறங்கி எல்லாம் நனைந்திருந்தது. போனைப் பிடித்தால் தடுமாறுகிறது. நீர்த்துளியைக் கொப்புளம் என்கிறது, கொப்புளத்தை நல்ல இலை என்கிறது. மத்தியானம் மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அவருடைய அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சேர், இத பாக்க போன் எதுக்கு? வெள்ளையா பொங்கிட்டா தூரத்துல இருந்தே தெரியுமே. வர்றதுக்கு முன்னாடி சொன்னா மருந்தாவது அடிக்கலாம்."

மாணவர் என்னைப் பார்த்தார். நான் தேயிலைச் செடியைப் பார்த்தேன்.

அந்த அம்மா சொன்னது சரி. கொப்புள நோய் ஒரு பூஞ்சை. இளம் இலையையும் தளிரையும்தான் பிடிக்கும். காற்றில் வரும் வித்தி (பூஞ்சையின் விதை மாதிரியான நுண்துகள்) ஈர இலையில் முளைத்து உள்ளே போகும். சில நாட்களில் ஒளி ஊடுருவுகிற சின்னப் புள்ளி தெரியும். வெள்ளைக் கொப்புளமாகப் பொங்கி வித்தி கொட்டத் தொடங்க மேலும் நாட்கள் ஆகும். அந்தக் கட்டத்தில் போனைக் காட்டினால், அது பக்கத்துச் செடிகளுக்குப் பரவத் தொடங்கிவிட்ட செய்தியைத்தான் சொல்லும். இலங்கைக்கு இந்த நோய் 1946இல் வந்தது. 1960களிலேயே தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கெர், ரொட்ரிகோ என்ற இருவர் இது எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்து, வெயில் நேரத்தை வைத்து நோயை முன்கூட்டிச் சொல்லும் வழியைத் தேடியிருக்கிறார்கள். என் மாணவர் படித்திருந்த கட்டுரைகள் எல்லாம் கடைசி ஐந்து வருடத்துக் கணினிக் கட்டுரைகள். பக்கத்து மலையில் அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த வேலை அவர் கண்ணில் படவே இல்லை. உண்மையில், அதுவரை நானும் தேடியதில்லை.

மண்சரிவுத் திட்டங்களிலும் இதே கதை. மண்சரிவு நடக்காத நாட்களே மிக அதிகம் என்பதால், தினமும் "ஒன்றும் நடக்காது" என்று சொல்லும் மாதிரியும் 99 வீதம் வாங்கிவிடும். வரைபடத்தில் ஒரே சரிவுக்குள் அடுத்தடுத்து வரும் சதுரங்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போட்டால் எண் இன்னும் ஏறும். இவை கணினிப் பக்கத்துக் குழிகள். மறுபக்கம் என்று ஒன்று இருக்கிறதே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் (வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். முன்கூட்டித் தெரிந்திருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள், போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாததால். காணி உரிமை பற்றி ஒரு பக்கமாவது வாசிக்காமல் எழுதும் மண்சரிவுச் செயலிகளை நான் இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன். மாணவர்கள் என்னைக் கடுமையானவன் என்கிறார்கள். பரவாயில்லை.

வெற்றி பெற்ற இடைவெட்டுகளைப் பாருங்கள். 1937இல் குளோட் ஷனன், ஜோர்ஜ் பூல் என்ற கணிதவியலாளரின் தர்க்கக் கணிதத்தை ரிலே ஆளிச் சுற்றுகளோடு சேர்த்தார். டிஜிட்டல் சுற்று வடிவமைப்பு அங்கிருந்துதான் வளர்ந்தது. அவர் கணிதம், மின்பொறியியல் இரண்டிலும் பட்டம் வாங்கியவர், எம்.ஐ.டி.யில் ரிலேக்களோடு நேரடியாக வேலை செய்தவர். புரத வடிவத்தைக் கணித்ததற்காக 2024இல் இரசாயனவியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற ஜோன் ஜம்பரின் கலாநிதிப் பட்டம் கோட்பாட்டு இரசாயனவியலில். அவரும் சகாக்களும் செய்த கணினி மாதிரி பழகியது 1971 முதல் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்த புரத வடிவங்களில்.

இளநிலை மாணவர் ஒருவர் இரண்டு துறையிலும் அப்படி இறங்க முடியுமா? முடியாது. ஒன்றில் நன்றாக இறங்குங்கள், மற்றதில் அந்தத் துறைக்காரரோடு சண்டை பிடிக்கும் அளவுக்காவது தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். முன்மொழிவு எழுதுவதற்கு முன் ஒரு வாரம் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரோடு நடந்தால், அல்லது பறிக்கிற ஒருவரிடம் "உங்களுக்கு எது முன்னாடி தெரிஞ்சா உதவும்?" என்று கேட்டால், தலைப்பே மாறிவிடும்.

அந்த மாணவரின் தலைப்பும் மாறியது. படங்களை ஒதுக்கிவிட்டு, இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது, வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று அளக்கும் இரண்டு சின்னப் பெட்டிகளைச் செய்து மலையில் நட்டார். ஒரு பெட்டிக்குள் குளவி கூடு கட்டிவிட்டது. தோட்டத்தில் குளவி என்றால் விளையாட்டில்லை. யாரும் கிட்டப் போகவில்லை. மூன்று வாரத் தரவு போய்விட்டது. முன்பின் எண்களை வைத்து இடைவெளியை நிரப்பிவிடலாமா என்று நண்பர்கள் கேட்டார்களாம். அவர் நிரப்பவில்லை. ஆய்வேட்டின் வரைபடத்தில் அந்த மூன்று வாரமும் வெறுமையாக இருக்கிறது. கீழே ஒரே ஒரு சொல்: குளவி.