மேல்தோலைத் தாண்டிப் பார்க்கும் சோதனை

வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு தங்கக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதன் தரத்தை ‘91.6 டச்’ (நூற்றில் 91.6 பங்கு தங்கம்) என்பதுபோல் ஓர் எண்ணாகச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். அந்த எண் பிழையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது காசு முழுவதற்கும் பொருந்துமா, அதன் மேல்தோலுக்கு மட்டும்தான் பொருந்துமா என்பதை வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போலிக் காசு செய்பவர் நம்பியிருப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

உரைகல்லில் காசைத் தேய்த்து, அந்தக் கோட்டின் பக்கத்தில் தரம் தெரிந்த தங்க ஊசியான மாற்றாணியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின்மீதும் அமிலம் தடவி ஒப்பிடுவது பழைய முறை. நைட்ரிக் அமிலம் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும், தங்கத்தைக் கரைக்காது. ஆகவே பித்தளைக் கோடு உடனே மறைந்துவிடும். உயர்ந்த தரமுள்ள கோடு நிற்கும். தேர்ந்த பத்தரின் கண் இதில் வியக்கத்தக்க நுட்பத்துடன் வேலை செய்யும் என்றாலும், கல்லில் ஒட்டுவது மேற்பரப்பின் மெல்லிய துகள்கள் மட்டுமே. டச் பார்க்கும் எக்ஸ் கதிர் இயந்திரத்துக்கும் இதே வரம்பு உண்டு. அது அணுக்களின் உள்வட்டத்து எலக்ட்ரான்களை வெளியேற்றி, காலியான இடத்தை வெளிவட்டத்து எலக்ட்ரான் நிரப்பும்போது பிறக்கும் கதிரின் ஆற்றலை அளந்து, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறது. ஆனால் எக்ஸ் கதிர்களைத் தங்கம் பெருமளவில் உறிஞ்சிக்கொள்வதால், திரும்பி வரும் செய்தி ஏறத்தாழ மேலுள்ள பத்து மைக்ரான் தடிப்பிலிருந்தே வருகிறது. தலைமுடியின் பருமனோடு ஒப்பிட்டாலும் அது சிறு பங்குதான். மெல்லிய முலாம் இந்த இயந்திரத்திடம் அகப்பட்டுவிடும். தடித்த தங்கத் தகட்டுக்குள் ஒளிந்த வேற்று உலோகம் அகப்படாது.

காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும். சேலம் உருக்காலையில் வெட்டப்படும் துருப்பிடிக்காத எஃகு நாணய வில்லைகளைப் போன்றவற்றை அது பிடித்துக்கொள்ளும். செம்பு, பித்தளை, ஈயம், வெள்ளி எதையும் பிடிக்காது. காந்தத்தில் ஒட்டாததெல்லாம் தங்கம் என்று கொள்வதற்கு இடமில்லை.

காசின் உடல் முழுவதையும் சாட்சிக்கு அழைப்பது அடர்த்திச் சோதனை. ஒரு கன சென்டிமீட்டர் சொக்கத் தங்கம் 19.3 கிராம் எடை கொண்டது, ஈயம் 11.3 கிராம், வெள்ளி 10.5 கிராம், செம்பு 9 கிராம்தான். ஆர்க்கிமிடீஸ் வழிந்த நீரைக் கொண்டு மகுடத்தின் கலப்படத்தைக் கண்டுபிடித்தார் என்ற கதை எல்லோரும் அறிந்தது. ஆனால் எட்டு கிராம் காசு வெளியேற்றும் நீர் அரை மில்லிலிட்டருக்கும் குறைவு. அந்தச் சில துளிகளில் உள்ள வேறுபாட்டை வழிந்த நீரை வைத்துக் கண்டறிவது இயலாத காரியம். நீருக்குள் எடை பார்ப்பதே துல்லியமான வழி என்பதை 1586ஆம் ஆண்டிலேயே, 22 வயது இளைஞராக இருந்த கலிலியோ ஒரு சிறு குறிப்பாக எழுதிவைத்தார்.

இன்றைய மின்னணுத் தராசில் இதைச் செய்வது எளிது. ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் நீர் ஊற்றித் தராசில் வைத்து, எடையைச் சுழியாக்கிக்கொண்டு, மெல்லிய நூலில் கட்டிய காசை அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதும் மூழ்கும்படி கையால் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது காசின் எடையை அல்ல, அது இடம்பெயர்த்த நீரின் எடையை. எட்டு கிராம் 24 காரட் காசுக்கு 0.41 கிராமும், 22 காரட் காசுக்கு ஏறத்தாழ 0.45 கிராமும் காட்டும். வெள்ளியாக இருந்தால் 0.76, செம்பாக இருந்தால் 0.89. முலாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த எண் மாறாது. காசில் ஒட்டும் காற்றுக் குமிழிகள் கணக்கைக் கெடுக்கும் என்பதால் நீரில் ஒரு துளி சோப்புத் திரவம் விடுவது நல்லது. ஒரு கிராம் காசுக்கு 24, 22 காரட்டுகளுக்கு இடையிலான வேறுபாடு சில மில்லிகிராம்களாகச் சுருங்கிவிடுவதால், மில்லிகிராம் வரை காட்டும் நகைக்கடைத் தராசு இல்லாமல் அதைச் சோதிக்க முயல்வது வீண்.

பழைய பிரிட்டிஷ் சவரனாக இருந்தால் தண்ணீரும் தேவையில்லை. அதன் எடை 7.98 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், தடிப்பு 1.52 மில்லிமீட்டர். அதே அளவில் பித்தளையில் அச்சடித்தால் எடை நான்கு கிராமைக்கூட எட்டாது. எடையைச் சரிசெய்யப் போனால் காசு இருமடங்கு தடித்துவிடும்.

அடர்த்தியையும் ஏமாற்றக்கூடிய உலோகம் ஒன்று உண்டு. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, விலையோ தங்கத்தின் அருகில்கூட வராது. அதன்மீது தடித்த தங்கத் தோல் போர்த்தினால், 24 காரட் கட்டியைப் போலவே நீரிலும் நடந்துகொள்ளும். ஆனால் 22 காரட் காசுக்கு இந்தத் தந்திரம் நேராகப் பொருந்தாது. பெரும்பகுதி டங்ஸ்டனாக இருந்தால் தராசு 0.45க்குப் பதில் 0.42ஐ ஒட்டிக் காட்டி, அளவுக்கு மீறிய அடர்த்தியே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மேலும் டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும், அது கடினமானது, எளிதில் நொறுங்குவது. எனவே இந்த உழைப்பு சிறு காசுகளைவிடப் பெரிய கட்டிகளிலேயே பலன் தரும் என்பது என் கணிப்பு. கட்டிகளுக்கு மீயொலிக் கருவி இருக்கிறது: ஒலி தங்கத்தில் நொடிக்கு 3,240 மீட்டரும் டங்ஸ்டனில் 5,200 மீட்டர் அளவிலும் பாய்வதால், எதிரொலி திரும்பும் நேரம் உள்ளிருப்பதைச் சொல்லிவிடும். மின்கடத்தும் திறனும் அப்படித்தான். தூய தங்கம் டங்ஸ்டனைவிட இருமடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்தும்.

தகராறு வந்தால் இறுதித் தீர்ப்பு நெருப்புச் சோதனையிடம்தான். வெட்டியெடுத்த சிறு மச்சத்தை, அதாவது மாதிரித் துண்டை, வெள்ளியுடன் சேர்த்து ஈயத் தகட்டில் சுருட்டி, ஏறத்தாழ ஆயிரம் டிகிரியில் ஒரு நுண்துளைக் கிண்ணத்தில் உருக்குவார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடுகளாகிக் கிண்ணத்துக்குள் ஊறிவிட, மிஞ்சும் மணியிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டு, எஞ்சிய தங்கத்தை எடைபோடுவார்கள். அந்தக் கிண்ணம் எலும்புச் சாம்பலாலோ மெக்னீசியம் ஆக்சைடாலோ செய்யப்படுவது. சேலத்தில் வெட்டியெடுக்கப்படும் மேக்னசைட்டைச் சுட்டால் கிடைப்பதும் அந்த ஆக்சைடுதான்.

இத்தனை கருவிகளையும் தோற்கடிக்கும் மோசடி, ‘புதையலில் கிடைத்த காசு’ என்று சொல்லி விற்பது. அதில் சோதிக்கத் தரப்படும் ஒரு காசு உண்மையான தங்கம். பணம் கைமாறிய பிறகு வரும் மூட்டையில் இருப்பது பித்தளை. விற்பவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்த மச்சம் மற்ற காசுகளைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஏற்காட்டில் காப்பி விற்ற பணத்தில் நாலைந்து காசு வாங்கினாலும் சரி, ஒவ்வொன்றையும் கடைக்காரரின் தராசிலேயே தனித்தனியாக நீரில் இறக்கிப் பார்த்து, எடையும் காரட்டும் எழுதிய ரசீதைப் பெற்றுக்கொள்வதே முறை. நகையாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள ஆறு எழுத்தெண் கொண்ட ஹெச்யுஐடி (ஒவ்வொரு நகைக்கும் தரப்படும் ஹால்மார்க் தனி அடையாள எண்) குறியை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டு, திரையில் வரும் விவரம் கையிலிருக்கும் பொருளோடு ஒத்துப்போகிறதா என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.