பாட்டுக்காக அறிவிப்பாளர் குரலை வெட்டாதீர்கள்

"பாட்டை மட்டும் பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க. நடுவுல பேசுறதெல்லாம் வெட்டிருங்க." வானொலியிலிருந்து பதிவு செய்த பழைய கேசட்டுகளைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோர் என்னிடம் சொல்வது இதைத்தான். நான் இதை எழுதக் காரணமே அந்த இரண்டாவது வரி.

1985-ல் வந்த சினிமாப் பாட்டு இன்றைக்கு நல்ல தரத்தில் எங்கும் கிடைக்கும். அந்தப் பாட்டுக்கு முன்னால் ஊர் ஊராக வாசித்த நேயர் பெயர்கள், இடையில் வந்த பருத்தி விலை, மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கை, உள்ளூர் ஆசிரியர் ஒருவர் பேசிய பத்து நிமிடம் இவையெல்லாம் வேறெங்கும் கிடைக்காது. ஒலிநாடாவுக்கு அன்று விலை அதிகம். நிகழ்ச்சி ஒலிபரப்பானதும் அதே நாடாவை அழித்து அடுத்ததைப் பதிவது உலகெங்கும் வானொலி நிலையங்களில் இருந்த வழக்கம். நேரலையாகப் போனவற்றில் பலவும் பதிவாகவே இல்லை. ஆகவே உங்கள் பரணில் கிடக்கும் கேசட்தான் அந்த நிகழ்ச்சியின் ஒரே பிரதியாக இருக்கலாம்.

குமரி மாவட்டத்துக்காரர்கள் இதைக் கூடுதலாக மனதில் வைக்க வேண்டும். அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் 1984-ல் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் வளைகுடா போய்வந்தவர்கள் வாங்கிவந்த டூ-இன்-ஒன்கள் (ரேடியோவும் கேசட் ரிக்கார்டரும் சேர்ந்த கருவி) வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தன. பக்கத்துத் தெருக்காரர் வானொலியில் வில்லுப்பாட்டு பாடினால் சிவப்பு பட்டனை அழுத்திப் பதிந்துகொள்ள வீட்டிலேயே கருவி இருந்தது. அந்தப் பதிவுகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. ஆனால் இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. கேசட்டுக்கு இந்த ஈரம் ஆகாது.

முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, நடுவிலுள்ள கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். சீரான பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பொடியோ பஞ்சு போன்ற புள்ளிகளோ தெரிந்தால் அது பூஞ்சை. அதை எந்தக் கருவியிலும் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த ஒரு கேசட், நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் நாடாவை இழுத்து ஓட்டும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரையும் அழுக்காக்கி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரப்பிவிடும். தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள். அடுப்பிலோ ஓவனிலோ சூடாக்கச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அது சில பிராண்டு பெரிய ஸ்பூல் நாடாக்களின் பிசுபிசுப்புக்கான சிகிச்சை, அதுவும் வெப்பநிலையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் கருவியில் செய்வது. கேசட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்து, கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தகடுகள். உடைக்காமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். அதன்பிறகு யார் தவறி ரிக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது. நாடா அறுந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் ஒட்டிவிடும். நாடா ஒட்டவென்றே தனி டேப் உண்டு. 120 நிமிடக் கேசட் என்றால் இன்னும் கவனம். அதன் நாடா மிக மெல்லியது, முன்னும் பின்னும் வேகமாகச் சுற்றினாலே சிக்கிக்கொள்ளும்.

கணினியில் செருகும் மலிவான யு.எஸ்.பி. பிளேயரைப் பலரும் வாங்குகிறார்கள். கேசட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும், காப்பகப் பிரதி எடுக்கப் போதாது. வேகம் நிலையாக இருக்காது, ஹெட்டின் கோணமும் சரியாக அமையாது. பதிந்த கருவியின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால், ஓட்டும் கருவியின் ஹெட்டும் அதே அளவு சாய்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். நான் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியை அரைச்சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, அறிவிப்பாளரின் 'ச', 'ஸ' ஒலிகள் எந்த இடத்தில் கூர்மையாகின்றன என்று கேட்டு நிறுத்துவேன். இசையை வைத்து இதைச் செய்வதைவிடப் பேச்சை வைத்துச் செய்வது எளிது.

வேகத்துக்குப் பாட்டு உதவும். வீட்டு ரிக்கார்டர் மெதுவாக ஓடிப் பதிந்திருந்தால், சரியான வேகத்தில் ஓடும் டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) எல்லாக் குரலும் கீச்சென்று உயரும். கரண்டில் ஓடிய கருவியானால் நாடாவில் மின்சாரத்தின் மெல்லிய 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) முனகலும் பதிந்திருக்கும். அது 52-ல் தெரிந்தால் வேகம் பிசகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் அந்நாளில் நம் பக்க மின்சாரமே 50-ல் நிலையாக நின்றதில்லை, 49-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். அதனால் கேசட்டில் உள்ள சினிமாப் பாட்டை வெளியான இசைத்தட்டின் சுருதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பாட்டு சுருதிக்கு வந்ததும் அதற்கு முன் பேசியவரின் குரலும் அவருடைய குரலாகிவிடும். பேச்சைத் தனியாக, பாட்டைத் தனியாக வெட்டிவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கு வழியே இல்லை.

தேதியும் அப்படித்தான். உறையில் 'ரேடியோ 3' என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே செய்தியில் ஒரு தேர்தல் முடிவோ கிரிக்கெட் ஸ்கோரோ ஒரு வரி வந்தால் நாளையே கண்டுபிடித்துவிடலாம். எடிட் செய்யும்போது முதலில் போவது அந்த ஒரு வரிதான்.

மூலப்பிரதியை எம்.பி.3-யாக எடுக்காதீர்கள். ஒலியைச் சுருக்காத வேவ் (.wav) கோப்பாக, 24 பிட்டில், 96 கிலோஹெர்ட்ஸில், குறைந்தது 48-லாவது எடுங்கள். 48-ல் ஸ்டீரியோவாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. ஆகும், இன்றைய ஹார்டு டிஸ்க் விலைக்கு இது பெரிய செலவில்லை. இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலத்தில் பயன்படுத்தவே கூடாது. மீடியம் வேவ் வானொலியில் கேட்ட குரலின் மெய்யெழுத்துகளையும் இரைச்சலோடு சேர்த்து அது அரித்துவிடும். கேட்பதற்கு வேண்டுமானால் ஒரு நகல் எடுத்து, அதில் சுத்தம் செய்யுங்கள். கோப்புகள் இரண்டு இடங்களில் இருக்கட்டும், ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே.

இணையத்தில் ஏற்றுவது பற்றியும் கேட்கிறார்கள். இந்தியச் சட்டப்படி ஒலிபரப்புக்கான உரிமை 25 ஆண்டு, பாட்டின் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. ஆகவே 80-களின் சினிமாப் பாட்டோடு அப்படியே ஏற்றினால் உரிமைக்காரர்கள் கேள்வி கேட்கலாம். பேச்சுப் பகுதிக்கும் எழுதியவர், பேசியவர் குடும்பத்தாரைக் கேட்டுவிடுவது முறை.

இதில் காலம் தாழ்த்த இடமில்லை. காந்த நாடாக்களுக்காக யுனெஸ்கோ 2019-ல் ஒரு எச்சரிக்கைத் திட்டமே தொடங்கியது. நாடா அழிவது ஒரு பக்கம் இருக்க, அதை ஓட்டும் கருவியும் உதிரிபாகமும் பழுது பார்ப்பவரும் இல்லாமல் போவதே அவர்கள் பெரிதாகச் சொன்ன கவலை. நல்ல டெக்குக்கு பெல்ட் தேடி அலைவது எனக்கு இப்போதே வழக்கமாகிவிட்டது.

கேசட்டைக் கொடுப்பதற்கு முன் எண் போட்டு, உறையின் இரு பக்கத்தையும் கையெழுத்து தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிந்தவர் வீட்டில் இருந்தால் அவரை உட்காரவைத்துக் கேட்கச் செய்து, யார் குரல், எந்த ஊர் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். வேலை முடிந்ததும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாடாவை ஒரு முனைக்கு முழுதாகச் சுற்றி, காந்தம் உள்ள ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி, ஈரம் படாத பெட்டியில் நிமிர்த்தி அடுக்கி வையுங்கள்.