அடி விழும் முன்பே முடிவாகும் ஓசை

இருபது ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிப்பவரும் நேற்றுத் தொடங்கியவரும் டிரம்ஸ் தொகுப்பில் அடித்தோலில் கம்பிகள் பொருத்திய ஸ்னேர் டிரம் ஒன்றை ஒரே குச்சியால் ஒருமுறை மட்டும் அடித்தாலும், இரண்டு ஓசைகளும் ஒன்றாக இருப்பதில்லை. வேகமோ தாளக் கணக்கோ இன்னும் தொடங்காத அந்த ஒற்றை அடியிலேயே வேறுபாடு தெரிந்துவிடுகிறது.

குச்சியின் முனை டிரம்மின் தோலைத் தொட்டு மீளச் சில மில்லிவிநாடிகளே ஆகின்றன. தொட்ட உணர்வு மூளையை அடைந்து, அங்கிருந்து தசைக்குக் கட்டளை திரும்புவதற்கு அதைவிடப் பல மடங்கு நேரம் தேவை என்பதால், விழுந்துகொண்டிருக்கும் அடியைத் திருத்த எவராலும் இயலாது. குச்சி எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு வேகத்தில், எந்த இடத்தில், எத்தகைய பிடியுடன் இறங்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். பல ஆண்டுப் பயிற்சி பெரும்பாலும் இந்த முன்னேற்பாட்டைத்தான் பழக்குகிறது.

பிடியை எடுத்துக்கொள்வோம். குச்சி நழுவிவிடுமோ என்ற அச்சத்தில் புதியவர் அதை இறுகப் பற்றுகிறார். அப்போது குச்சி இயல்பாகத் துள்ளி மீள முடியாததால், ஓசையும் மாறிவிடுகிறது. தளர்ந்த பிடியிலோ தோலே குச்சியைத் திருப்பி எறிகிறது. மணிக்கட்டின் ஒரே அசைவில் இரண்டு அடிகளை எழுப்பும் உத்தியும், அந்தத் துள்ளலை விரல்கள் ஏந்தி மீண்டும் கீழே அனுப்புவதால்தான் கைகூடுகிறது.

அடிக்கும் இடமும் குரலை மாற்றுகிறது. நடுவில் அடித்தால், மையத்தைச் சுற்றிச் சமச்சீரான அதிர்வுகளே பெரும்பாலும் எழுகின்றன. அவற்றில் முதன்மையானதில் தோல் முழுவதும் ஒருசேர மேலும் கீழும் அசைந்து காற்றை வலுவாகத் தள்ளுவதால், ஆற்றல் விரைவில் வெளியேறி, கனமான ஓசை சட்டென அடங்கிவிடுகிறது. ஓரத்தை நோக்கி நகர்ந்தால், தோலின் ஒரு பாதி ஏறும்போது மறுபாதி இறங்கும் வகை அதிர்வுகளும் சேர்கின்றன. இவற்றில் காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒதுங்கிக்கொள்வதால் ஆற்றல் மெதுவாகக் குறைந்து, ரீங்காரம் நீடிக்கிறது. இரண்டு விரல் அகலம் தள்ளி அடித்தாலே ஓசையின் நிறம் மாறிவிடும். கற்றுக்குட்டியின் அடுத்தடுத்த அடிகள் வெவ்வேறு டிரம்களிலிருந்து வருவனபோல் கேட்பதற்கு, கருவியின் மீது சுமத்தப்படும் பழியைவிட இதுவே பொருத்தமான காரணம்.

வேகத்தின் இரகசியம் தசை வலிமையில் இல்லை. மணிக்கட்டை மடக்கும் தசையும் நிமிர்த்தும் தசையும் ஒரே நேரத்தில் இறுகினால், ஒன்றின் உழைப்பை மற்றொன்று வீணாக்கிவிடும். அதிவேக டிரம்ஸ் போட்டியில் வென்ற ஒருவரை ஆராய்ந்தபோது, ஒற்றைக் கையால் விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை அடித்த நிலையிலும் இத்தசைகள் மாறி மாறியே இயங்கின.

காலக்கணக்கில் மட்டும் முழுமையான துல்லியத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சீரான இடைவெளியில் ஒலிக்கும் மெட்ரோனோம் கருவியுடன் தட்டும்போது பயிற்சியற்றவர்கள் தம்மை அறியாமலே ஒலிக்குச் சில பத்து மில்லிவிநாடிகள் முந்திவிடுவது வழக்கம். இசைப் பயிற்சி இந்த இடைவெளியைச் சுருக்குகிறது, ஆனால் விலகல் அறவே நீங்குவதில்லை. அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் ஜெஃப் போர்க்காரோ, ஹை-ஹாட் எனும் இரட்டைச் சிம்பலில் வாசித்த தாளம் ஒன்றை 2015-இல் ஆய்வாளர்கள் அளந்தபோது, மிகச் சிறிய அந்த விலகல்கள் தாறுமாறாகச் சிதறாமல், வெகுநேரம் தள்ளி வரும் அடிகளோடும் தொடர்புகொண்டிருந்தது தெரியவந்தது.