இல்லம் தேடி கல்வி: அந்த 24 சதவீதம் எதுல 24?

கொரோனா சமயத்துல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச சாயங்கால கிளாஸ் ஸ்கீம் இல்லம் தேடி கல்வி, அதை பத்தி பேச்சு எடுத்தாலே ரெண்டு கோஷ்டி வந்துடும். கொரோனாவுல போன படிப்பை மீட்டதே இந்த ஸ்கீம்தான்னு ஒண்ணு, மாசம் ஆயிரம் ரூபா குடுத்து பிள்ளைங்கள பாட வச்சு ஆட வச்சதுதான் மிச்சம்னு இன்னொண்ணு. ரெண்டு பேருமே கொஞ்சம் நிறுத்தலாம், ஏன்னா இதை யுனிவர்சிட்டி எகனாமிஸ்ட்டுங்க ஊர் ஊரா டெஸ்ட் வச்சு அளந்து பாத்துட்டாங்க, தலைப்புல இருக்கற 24 சதவீதம் அவங்க கணக்குல வந்த நம்பர்தான்.

முதல்ல ஸ்கீம் என்னன்னு பாத்துடுவோம். 2020 மார்ச்சுல மூடுன ஸ்கூல் ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் உள்ள பசங்களுக்கு திரும்ப தொறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி, அக்டோபர் 27, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்துல முதல்வர் ஸ்டாலின் இதை தொடங்கி வச்சாரு. சாயங்காலம் 5 மணில இருந்து 7 மணிக்குள்ள ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கிளாஸ். நடந்தது வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக் கூடம்னு தெருவுல எது கெடைச்சுதோ அங்க. சுமாரா 20 பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் அதே ஊர் அக்காங்கதான், 5-ம் வகுப்பு வரைக்கும் சொல்லித்தர பிளஸ் டூ போதும்னு இருந்துச்சு, 6-ல இருந்து 8 வரைக்கும்னா டிகிரி, ஊக்கத்தொகை மாசம் 1,000 ரூபா. பெத்தவங்க பைசா குடுக்க வேண்டியதில்லாம இருந்துச்சு. ஆறு மாசத்துக்குன்னு ஆரம்பிச்சது, மாநிலம் பூரா பரவினப்ப தன்னார்வலருங்க மட்டும் 2 லட்சம் பேர் பக்கம் வந்துட்டாங்க. 1,000 ரூபாய்க்கு தினமும் ஒன்றரை மணி நேரம்னா அது சம்பளமே இல்ல, அந்த அக்காங்க மனசுதான், அதை தனியா பேசணும்.

இப்ப ஆராய்ச்சிக்கு வருவோம். கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி சான் டியாகோவுல இருக்கற கார்த்திக் முரளிதரன், ஸ்டாக்ஹோம் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல இருக்கற அபிஜீத் சிங், இவங்களோட மொரிசியோ ரொமேரோன்னு இன்னொருத்தர். இவங்க கைல ஒரு நல்ல விஷயம் மாட்டிச்சு, தமிழ்நாட்டு கிராமங்கள்ல கொரோனாவுக்கு முன்னாடி 2019-லயே பிள்ளைங்களுக்கு வச்ச டெஸ்ட்டோட டேட்டா. அதனால 2021 டிசம்பர்ல அதே கிராமங்கள்ல டெஸ்ட் வச்சப்ப, 2019-ல அதே வயசுல இருந்த பிள்ளைங்களோட நேரா ஒப்பிட முடிஞ்சுது, மொத்தம் சுமார் 19,000 பிள்ளைங்க. ரிசல்ட் மோசம். கணக்குல 0.73 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (பிள்ளைங்க மார்க் எவ்ளோ பரவி இருக்குன்னு காட்டற அளவு) கம்மி, தமிழ்ல 0.34. இது புரியற மாதிரி சொல்லணும்னா, 2019 பிள்ளைங்க 100 பேரை மார்க் வரிசைல நிக்க வச்சா நடுவுல 50-வது எடத்துல நிக்கவேண்டிய பிள்ளை கணக்குல தோராயமா 77-வது எடத்துக்கும் தமிழ்ல 63-வது எடத்துக்கும் போயிடுச்சுன்னு அர்த்தம். தமிழாவது வீட்ல, தெருவுல காதுல விழுந்துட்டே இருக்கும், வகுத்தல் கணக்கு எங்க விழுது?

ஆனா ஸ்கூல் தொறந்து ஆறு மாசத்துல திரும்ப டெஸ்ட் வச்சா, விட்டதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்திருந்துச்சு. இந்த மீட்புல சுமார் 24 சதவீதம்தான் இல்லம் தேடி கல்வியால வந்ததுன்னு கணக்கு போட்டிருக்காங்க. அதாவது 100 ரூபா தொலைஞ்சுதுன்னு வைங்க, 66 ரூபா திரும்ப கெடைச்சுது, அந்த 66-ல 16 ரூபா சாயங்கால கிளாஸால. மிச்ச 50 ரூபாய்க்கு பெரிய காரணம் ஸ்கூல் தொறந்ததுதான்னு நான் நினைக்கறேன். எல்லாம் இந்த ஸ்கீம்தான்னு சொல்றவங்களுக்கு இது கம்மியா தெரியலாம், ஆனா ஸ்டாஃப் ரூம் இல்லாம கட்டடம் இல்லாம ஒரு மணி நேர கிளாஸுக்கு 16 ரூபான்றது சும்மா இல்ல. இன்னொண்ணும் இருக்கு, படிப்பு விட்டுப்போனது வசதி இல்லாத வீட்டு பிள்ளைங்களுக்குத்தான் அதிகம், திரும்ப வேகமா புடிச்சதும் அவங்கதான், சாயங்கால கிளாஸுக்கு அதிகம் வந்ததும் அவங்கதான்றது அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்.

ஒரு ஓட்டையும் சொல்லிடணும். இந்த 24, யாருக்கு ஸ்கீம், யாருக்கு இல்லன்னு குலுக்கல் போட்டு பிரிச்சு ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு வந்த நம்பர் இல்ல. ஸ்கீம் மாநிலம் பூரா எல்லா ஊருக்கும் போனதால, கிளாஸுக்கு வந்த பிள்ளை, வராத பிள்ளை ரெண்டு பேரோட பழைய மார்க்கை வச்சு, இருந்திருக்கக்கூடிய வித்தியாசத்தை கழிச்சு எடுத்த கணக்கு. வர்ற பிள்ளைக்கு ஏற்கனவே ஆர்வம் ஜாஸ்தின்னா நம்பர் கொஞ்சம் ஏறும்.

குலுக்கல் போட்டு பாத்ததுன்னா அங்கன்வாடி ஆராய்ச்சிய சொல்லணும். அதுவும் தமிழ்நாட்ல, அரசாங்கத்தோட சேர்ந்தே பண்ணது, முரளிதரன், அலெஹாண்ட்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூணு பேரும். அங்கன்வாடி டீச்சர் ஒருத்தரே எடை பாக்கணும், சத்துமாவு குடுக்கணும், ரெஜிஸ்டர் எழுதணும், இதுக்கு நடுவுல பாடமும் நடத்தணும்னா எங்க நடக்கும்? அதனால குலுக்கல்ல வந்த சென்டர்ல மட்டும் பாடத்துக்குன்னே அரை நாள் வேலைக்கு இன்னொரு ஆள போட்டு, பழைய மாதிரியே விட்ட சென்டரோட 18 மாசம் கழிச்சு ஒப்பிட்டாங்க. பாட நேரம் ரெண்டு மடங்கு ஆச்சு, சென்டர்லயே தொடர்ந்து இருந்த பிள்ளைங்களுக்கு கணக்குல 0.29, மொழில 0.46 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஏறிச்சு. எனக்கு இதுல புடிச்சது வேற, பாடத்துக்கு ஆள் போட்டா சத்துணவு பக்கமும் முன்னேற்றம், வயசுக்கேத்த உயரம் இல்லாத பிள்ளைங்களும் கடுமையான ஊட்டச்சத்து குறைவு இருக்கற பிள்ளைங்களும் கம்மியாயிட்டாங்க. புதுசா வந்தவங்க பாடத்தை பாத்துக்கிட்டதால பழைய டீச்சருக்கு எடை பாக்கவும் சாப்பாட்டை கவனிக்கவும் நேரம் கெடைச்சுது, அவ்ளோதான். செலவை விட பலன் பல மடங்கு வரும்னு அவங்க கணக்கு, ஆனா ஊர் ஊருக்கு ஒரு போஸ்ட் கூட போடறதுன்னா கையெழுத்து போடவேண்டியது நிதித்துறை.